மூட்டையின் பின்பக்கத்தில் ஒரு வரி: ஸ்போர்ட்மிக்ஸ் நாய் உணவு நச்சு, ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், சுருக்கமாக எஃப்.டி.ஏ., 2020 டிசம்பர் 30 அன்று ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. ‘ஸ்போர்ட்மிக்ஸ்’ என்ற பெயரில் விற்கப்பட்ட உலர் உணவைத் தின்ற நாய்களில் குறைந்தது 28 இறந்துவிட்டதாகவும், 8 நோயுற்றிருப்பதாகவும் தகவல் வந்திருக்கிறது. அந்த உணவில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு உயிரைப் பறிக்கும் அளவில் இருக்கக்கூடும் என்றது அறிவிப்பு. அந்தச் சரக்கு இன்னும் கடை அலமாரிகளிலோ, இணைய விற்பனையிலோ, வளர்ப்பவர்களின் வீடுகளிலோ இருக்கலாம் என்றும் அதிலேயே சொல்லியிருந்தார்கள்.

2021 ஜனவரி 11-ல் இறப்புக் கணக்கு 70 ஆனது, நோயுற்றவை 80. ஜனவரி 21-ல் 110-க்கு மேல் இறப்பு, 210-க்கு மேல் நோய். அந்த ஆண்டு ஆகஸ்டில் நிறுவனத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் போனபோது, 130-க்கு மேற்பட்ட இறப்புகளும் 220-க்கு மேற்பட்ட நோய்களும் பதிவாகியிருந்தன. இவை எல்லாமே ஆய்வகத்தில் உறுதி செய்யப்பட்டவை அல்ல, தோராயக் கணக்குதான் என்று எஃப்.டி.ஏ.வே சொல்லியிருக்கிறது. வளர்ப்பவர்களும் கால்நடை மருத்துவர்களும் தாங்களாக முன்வந்து சொன்னது மட்டுமே இந்தக் கணக்கில் ஏறியது. காரணம் புரியாமல் நாயைப் புதைத்துவிட்டவர்கள் எத்தனை பேரோ, அவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

கைபேசியில் பொத்தானை அழுத்தி நாய் உணவு வாங்குகிற எல்லோருக்கும் இந்த நிகழ்வு தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நாம் எதை நம்பி வாங்குகிறோமோ அது எதுவும் இங்கே நாய்களைக் காப்பாற்றவில்லை. பிராண்டின் பெயர், நட்சத்திர மதிப்பீடு, ‘தரமான மூலப்பொருள்’ என்ற வாசகம் எல்லாமே இருந்தன. மேலும் கேடு வராமல் தடுக்க ஓரளவுக்கு உதவியது மூட்டையின் பின்பக்கத்தில் சின்னதாக அச்சடித்திருந்த ஒரு வரிக் குறியீடு. இணையத்தில் வாங்கும்போது நாம் பார்க்க முடியாததும், வீட்டுக்கு வந்த பிறகு முதலில் குப்பைக்குப் போவதும் அதே வரிதான்.

ஆலையும் சரக்கும்

தயாரித்தது மிட்வெஸ்டர்ன் பெட் ஃபுட்ஸ். இண்டியானா மாநிலத்தின் எவான்ஸ்வில் நகரில் தலைமையிடம். 1926-லிருந்து தொழில் செய்துவரும் குடும்ப நிறுவனம். அதற்கு நான்கு ஆலைகள் இருந்தன: எவான்ஸ்வில், இல்லினாய் மாநிலத்தின் மான்மத், நியூயார்க் மாநிலத்தின் வேவர்லி, ஓக்லஹோமா மாநிலத்தின் சிக்கஷே. நச்சுச் சரக்கு வெளியே போனது சிக்கஷே ஆலையிலிருந்து.

முதலில் திரும்பப் பெறப்பட்டவை ஸ்போர்ட்மிக்ஸ் எனர்ஜி பிளஸ், ஸ்போர்ட்மிக்ஸ் பிரீமியம் ஹை எனர்ஜி ஆகிய நாய் உணவுகளும், ஸ்போர்ட்மிக்ஸ் ஒரிஜினல் கேட் என்ற பூனை உணவும். நாய் உணவு பெரும்பாலும் 44, 50 பவுண்டு மூட்டைகள். 50 பவுண்டு என்றால் ஏறக்குறைய 22.7 கிலோ. வீட்டில் நாலைந்து நாய் வைத்திருப்பவர்களும், வேட்டை நாய், வேலை நாய் வளர்ப்பவர்களும் வாங்குகிற அளவு அது. கெட்ட மூட்டை ஒன்று அப்படி ஒரு வீட்டுக்குள் போனால் பாதிக்கப்படுவது ஒரு நாயோடு நிற்காது.

மிசோரி மாநில வேளாண் துறை பல மாதிரிகளை எடுத்துச் சோதித்தது, அளவுக்கு மீறிய அஃப்ளாடாக்சின் இருப்பது தெரிந்தது. ஜனவரி 11-ல் திரும்பப் பெறுதல் விரிந்தது. சிக்கஷேயில் தயாரான, மக்காச்சோளம் கலந்த, 2022 ஜூலை 9 அல்லது அதற்கு முன் காலாவதியாகும் எல்லா உணவும் பட்டியலுக்குள் வந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட லாட் எண்கள், அதாவது ஒரே தொகுதியாகத் தயாரான மூட்டைகளுக்கு இடும் எண்கள். பெயர்களும் கூடின: ஸ்போர்ட்மிக்ஸோடு புரோ பேக் ஒரிஜினல்ஸ், ஸ்பிளாஷ், ஸ்போர்ட்ஸ்டிரெயில், நன் பெட்டர். கடையில் இவை வெவ்வேறு பைகள், வெவ்வேறு விலைகள், வெவ்வேறு படங்கள். உள்ளே போன மக்காச்சோளம் ஒரே வாசல் வழியாக வந்தது. அமெரிக்கா முழுக்கக் கடைகளுக்கும் இணைய விற்பனையாளர்களுக்கும் போனதோடு, முப்பத்தைந்துக்கு மேற்பட்ட நாடுகளுக்கும் இந்தச் சரக்கு ஏற்றுமதியாகியிருந்தது.

ஒரு தானிய மணிக்குள் இருந்த நஞ்சு

அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை மண்ணில் எங்கும் இருப்பது. மக்காச்சோளம், கடலை, பருத்திக்கொட்டை மூன்றும் அதற்குப் பிடித்தவை. கதிர் முற்றும் நேரத்தில் வறட்சியும் கடும் வெயிலும் சேர்ந்தால், பூச்சி துளைத்த மணிக்குள் அது எளிதாக ஏறிவிடும். அறுத்த பிறகு ஈரம் காயாமல் குவித்து வைத்தாலும் அதே கதைதான். பூஞ்சை விட்டுப்போகும் நச்சுதான் அஃப்ளாடாக்சின். இதற்கு மணமில்லை, சுவையில்லை. அதை உண்டாக்கிய பூஞ்சை செத்த பிறகும் நச்சு அப்படியே கிடக்கும்.

உலர் நாய் உணவை எக்ஸ்ட்ரூடர் என்ற இயந்திரத்தில் ஆவியும் அழுத்தமும் கொடுத்து வேகவைத்துப் பிழிந்து துண்டாக்குகிறார்கள். சால்மொனெல்லா போன்ற கிருமிகள் அந்தச் சூட்டில் செத்துவிடும். அஃப்ளாடாக்சின் முழுதாக அழியாது. ஆகவே கெட்ட மக்காச்சோளம் ஆலைக்குள் நுழைந்துவிட்டால், பிறகு அதைப் பிடிப்பது கடினம். வாசலிலேயே தடுத்தாக வேண்டும்.

அந்த வாசல் எவ்வளவு கடினமானது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். லாரி வந்து நிற்கிறது. நீளமான குத்தூசியை மேலிருந்து கீழாகப் பல இடங்களில் குத்தி மக்காச்சோளத்தை எடுக்கிறார்கள். எடுத்ததைக் கலந்து, அரைத்து, அதிலிருந்து ஒரு சிறு பங்கைச் சோதிக்கிறார்கள். நச்சு சரக்கு முழுக்கச் சமமாகப் பரவி இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். ஆயிரக்கணக்கான நல்ல மணிகளுக்கு நடுவில் நச்சு நிறைந்த சில மணிகள் ஒரு மூலையில் கிடக்கும். குத்தூசி அந்த மூலையைத் தொடாவிட்டால் சோதனை ‘சரி’ என்று சொல்லிவிடும். சோதனை நடந்தது, ஆவணமும் இருக்கிறது, இருந்தும் சரக்கு கெட்டது என்ற நிலை வருவது இப்படித்தான். எத்தனை இடத்தில் குத்தினார்கள், எவ்வளவு மாதிரி எடுத்தார்கள், எப்படி அரைத்தார்கள் என்பதைப் பொறுத்தே அந்த ‘சரி’க்கு மதிப்பு.

வளர்ப்புப் பிராணி உணவில் அஃப்ளாடாக்சின் ஒரு கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டினால் எஃப்.டி.ஏ. நடவடிக்கை எடுக்கும். ஸ்போர்ட்மிக்ஸ் மாதிரிகளில் கிடைத்த அதிகபட்ச அளவு 558. கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறுபாடு புரியும். நாளைக்கு 300 கிராம் தின்னும் ஒரு நாய்க்கு, எல்லையில் இருக்கும் உணவிலிருந்து 6 மைக்ரோகிராம் போகும். 558 இருக்கும் உணவிலிருந்து 167 மைக்ரோகிராம். அதுவும் ஒரே ஒரு வேளை என்றால் பரவாயில்லை. காலை, மாலை, மறுநாள் என்று மூட்டை தீரும்வரை அதையேதான் போடுகிறோம். மனிதர்கள் இட்லி, சோறு, சப்பாத்தி என்று மாற்றிச் சாப்பிடுவதால் ஒரு பொருளில் இருக்கும் கேடு பகிர்ந்து போகிறது. நாய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ‘அடிக்கடி உணவை மாற்றாதீர்கள்’ என்ற நல்ல அறிவுரையைக் கடைப்பிடிக்கிற வீட்டில்தான் நச்சும் அதிகம் சேர்கிறது.

நச்சு போய்ச் சேரும் இடம் ஈரல். ஈரல் அதை உடைக்க முற்படும்போது உண்டாகும் பொருள், மூல நச்சைவிட மோசமானது. ஈரலின் உயிரணுக்களையே தாக்கும். நாய் மந்தமாகும், தின்னாது, வாந்தி எடுக்கும், வயிற்றுப்போக்கு இருக்கலாம். பிறகு கண்ணின் வெள்ளையும் ஈறும் மஞ்சளாகும். இரத்தம் உறையத் தேவையான பொருள்களை ஈரலால் உண்டாக்க முடியாமல் போவதால் அடிபடாமலே தோலில் கன்றிப்போகும், இரத்தம் கசியும். சில நாய்களில் வெளியே எதுவுமே தெரியாமல் உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். மாற்று மருந்து கிடையாது. உணவை நிறுத்தி, ஈரலுக்குத் துணையாகச் சிகிச்சை கொடுத்துக் காத்திருக்க வேண்டியதுதான். அதனால்தான் ஒவ்வொரு நாளும் முக்கியமாகிறது.

இந்த நச்சுக்கு இந்தியாவிலும் ஒரு பழைய வரலாறு உண்டு. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லையோர மாவட்டங்களில் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை வேறு வழியில்லாமல் சாப்பிட்ட பழங்குடி மக்களிடையே மஞ்சள் காமாலை பரவியது. நோயுற்ற 397 பேரில் 106 பேர் இறந்தார்கள். அதே வீடுகளில் அதே ரொட்டியைத் தின்ற நாய்களுக்கும் வயிறு வீங்கிக் காமாலை வந்தது. நாயும் மனிதனும் ஒரே தட்டில் இருந்தபோது ஒருவருக்கு வந்தது மற்றவருக்கும் தெரிந்தது. ஆலையில் தயாராகி மூட்டையில் வரும் உணவில் அந்த எச்சரிக்கையும் இல்லை. நாய் தின்பதை நாம் தின்பதில்லை.

அந்த ஒரு வரி

திரும்பப் பெறும் அறிவிப்பு வந்ததும் வளர்ப்பவர் செய்ய வேண்டியது என்ன? மூட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் மூன்று வரியில் அச்சான குறியீட்டைத் தேட வேண்டும். மேல் வரி ‘எக்ஸ்ப்’ என்று தொடங்கும். பிறகு காலாவதித் தேதி, பிறகு 05, பிறகு எல் என்ற எழுத்தும் ஓர் எண்ணும், பி என்ற எழுத்தும் மூன்று எண்களும், கடைசியில் மணியும் நிமிடமும். உதாரணமாக 03/03/22/05/எல்3 என்று போகும். அதில் 05 என்பது சிக்கஷே ஆலையைக் குறிக்கும் எண். அந்த 05 இருந்து, தேதியும் எல்லைக்குள் வந்தால், மூட்டையை உடனே ஒதுக்க வேண்டும். 05 இல்லையென்றால் அதே பெயர், அதே படம், அதே விலை கொண்ட மூட்டை இந்தத் திரும்பப் பெறுதலில் வராது.

உணவுப் பையில் உண்மையான முகவரி என்று ஒன்று இருந்தால் இதுதான். எந்த ஆலை, எந்த நாள், எந்த நேரம் என்று நாய்க்கும் இயந்திரத்துக்கும் நடுவே இருக்கும் ஒரே தொடர்பு இந்த வரி. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பவை எல்லாம் எல்லா மூட்டைக்கும் பொதுவானவை. கோடு கோடாக இருக்கும் பார்கோடும் அப்படித்தான். அது பொருள் என்ன, அளவு என்ன என்று சொல்லும். எந்த லாட் என்று சொல்லாது.

இணைய விற்பனையின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. கடையில் வாங்குபவர் விரும்பினால் மூட்டையைத் திருப்பிப் பார்க்கலாம். தேதி கிட்ட இருந்தால் அடுத்த மூட்டையை எடுக்கலாம். இணையத்தில் நாம் பார்ப்பது ஒரு மாதிரிப் படம். எப்போதோ எடுத்த படம். கிடங்கில் யார் கைக்கு எந்த மூட்டை வருகிறதோ அது நம் வீட்டுக்கு வரும். சில சந்தைத் தளங்களின் கிடங்குகளில் ஒரே பார்கோடு உள்ள பொருள் என்பதால் பல விற்பனையாளர்களின் சரக்கு ஒன்றாகவே வைக்கப்படுகிறது. நாம் ஒருவரிடம் வாங்கினோம் என்று நினைத்திருப்போம், வந்தது இன்னொருவர் கொண்டுவந்து வைத்த மூட்டையாக இருக்கும்.

பலமும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். தெருமுனைக் கடையில் ரொக்கம் கொடுத்து வாங்கியவரைத் தேடிப் பிடித்து ‘அந்த உணவைப் போடாதீர்கள்’ என்று சொல்ல யாராலும் முடியாது. இணையத்தில் வாங்கியவரின் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் விற்பனையாளரிடம் இருக்கின்றன. அவர்கள் நினைத்தால் ஒரு மணி நேரத்தில் வாங்கியவர் எல்லோருக்கும் செய்தி அனுப்பலாம். ஆனால் எந்த வாடிக்கையாளருக்கு எந்த லாட் போனது என்று பதிந்து வைத்திருந்தால்தான் அந்தச் செய்தி துல்லியமாக இருக்கும். இல்லாவிட்டால் ‘நீங்கள் வாங்கிய பொருளில் சில லாட்கள் திரும்பப் பெறப்படுகின்றன, உங்கள் பையைச் சரிபாருங்கள்’ என்று பொதுவாகத்தான் அனுப்ப முடியும். அதற்குள் நாம் பையைக் கிழித்து, உணவை அழகான டப்பாவில் கொட்டி, பையைக் குப்பையில் போட்டிருப்போம். டப்பாவில் இருக்கும் உணவு எந்த ஆலையில் எப்போது தயாரானது என்று சொல்ல இனி யாருமில்லை.

பிராண்டை மாற்றினால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு 2007-ஐ நினைவூட்டலாம். கனடாவைச் சேர்ந்த மெனு ஃபுட்ஸ் அந்த ஆண்டு மார்ச் 16 அன்று 6 கோடிக்கு மேற்பட்ட டின்களையும் சிறு பைகளையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அதன் ஆலைகளில் தயாரான ஈர உணவு, மலிவான பல்பொருள் அங்காடிப் பெயரிலும் விலை உயர்ந்த பெயர்களிலும் சேர்த்து ஏறக்குறைய நூறு பிராண்டுகளாக விற்பனையாகிக்கொண்டிருந்தது. சீனாவிலிருந்து கோதுமை குளூட்டன், அதாவது கோதுமைப் புரதம், என்று வந்த பொருளில் மெலமின் என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் கலந்திருந்தது. புரதத்தை அளக்கும் சோதனை உண்மையில் நைட்ரஜனைத்தான் அளக்கிறது. மெலமினில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஆகவே சோதனையில் புரதம் நிறைய இருப்பதுபோல் தெரிந்தது. நாய்களின், பூனைகளின் சிறுநீரகத்தில் அது படிகமாக உறைந்தது. அதிக விலை கொடுத்தவரும் குறைந்த விலை கொடுத்தவரும் ஒரே கலவையைத்தான் வாங்கியிருந்தார்கள். அங்கும் வீட்டில் இருப்பது கெட்டதா இல்லையா என்று பார்க்க டின்னில் அச்சான தேதியையும் எண்ணையும்தான் தேட வேண்டியிருந்தது.

பொறுப்பு யாருடையது

மேலே சொன்னதை வைத்து, வளர்ப்பவர்கள் கவனமாக இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மூட்டையை எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் உள்ளே 558 இருக்கிறதா 5 இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. தடுக்க வேண்டிய இடம் ஆலையின் வாசல். தடுக்க வேண்டியவர்கள் ஆலையில் இருந்தவர்கள்.

அமெரிக்காவில் 2011-ல் வந்த உணவுப் பாதுகாப்பு நவீனமயச் சட்டத்தின்படி, பிராணி உணவு ஆலைகள் தங்கள் பொருளில் என்னென்ன கேடு வரக்கூடும் என்று முன்கூட்டியே ஆராய்ந்து, அதைத் தடுக்கும் திட்டத்தை எழுதி, அதன்படி நடக்க வேண்டும். மக்காச்சோளம் வாங்குகிற ஆலைக்கு அஃப்ளாடாக்சின் எதிர்பாராத கேடு இல்லை. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் இந்த நச்சைக் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து தீவனத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்த விஷயம் இது. 2005 டிசம்பரில் தென் கரோலினாவின் காஸ்டன் நகரில் டயமண்ட் பெட் ஃபுட்ஸ் ஆலையிலிருந்து வந்த உணவில் இதே நச்சு, இதே மக்காச்சோளம் வழியாக வந்து நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் இறந்தன. பதினைந்து ஆண்டு கழித்து அதே தவறு, அதே தானியம், அதே நச்சு. எனக்கு இதில்தான் கோபம் வருகிறது.

எஃப்.டி.ஏ. 2021 ஆகஸ்டில் அனுப்பிய எச்சரிக்கைக் கடிதம் சிக்கஷேயோடு நிற்கவில்லை. நிறுவனத்தின் ஆலைகளில் பொதுவாகவே கேட்டைத் தடுக்கும் ஏற்பாடுகளில் குறைகள் இருந்தன என்றது. இடையில் 2021 மார்ச்சில், மான்மத் ஆலையில் தயாரான உணவுகள் சால்மொனெல்லா இருக்கலாம் என்பதற்காகத் திரும்பப் பெறப்பட்டன. அந்தப் பட்டியலில் எர்த்பார்ன் ஹோலிஸ்டிக் போன்ற, விலை கூடிய பெயர்களும் இருந்தன. ஓர் ஆலையில் நடந்த விபத்து என்று சொல்லி முடித்துவிட அதற்குப் பிறகு வழியில்லை.

நம் பக்கம்

நாமக்கல் பகுதியில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களிடம் அஃப்ளாடாக்சின் பற்றிப் பேசிப் பாருங்கள், பாடமே நடத்துவார்கள். மக்காச்சோளம் வந்து இறங்கினால் ஈரம் பார்க்காமல், சோதிக்காமல் தீவனத்தில் சேர்க்க மாட்டார்கள். முட்டை குறைந்தால், கோழியின் ஈரல் வெளுத்தால் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகமே இருக்கிறது. அதே மாநிலத்தில், நாய்க்குப் பை பையாக மக்காச்சோளம் கலந்த உணவு வாங்கும் நகரத்து வீடுகளில் இந்தப் பெயரே தெரியாது. பண்ணைக்காரருக்கு இருக்கும் விழிப்பு நாய் வளர்ப்பவருக்கு இல்லாமல் போனதற்கு, பை மூடி வருவதும் ஒரு காரணம். மூடிய பை என்றால் யாரோ பார்த்திருப்பார்கள் என்று நம்பிவிடுகிறோம்.

சட்டத்தில் யார் பார்க்கிறார்கள்? 2006-ன் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தில் ‘உணவு’ என்பதற்கான வரையறை கால்நடைத் தீவனத்தை வெளியே வைக்கிறது. நாய், பூனை உணவுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஒரு தர அளவை வைத்திருக்கிறது. பிஸ்கட் பாக்கெட்டுக்கு இருக்கும் காவல் டாக் ஃபுட் பைக்கு இல்லை என்பதுதான் நடைமுறை.

வாங்கும் இடத்தில் கொஞ்சம் பிடிமானம் இருக்கிறது. 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விற்பவரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது, காலாவதியாகும் பொருளாக இருந்தால் அதன் காலாவதித் தேதி ஆகியவை வாங்கும் முன்பே தெரிய வேண்டும். புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். காலாவதித் தேதி தெரியாத பக்கத்தில் பை வாங்குவதில்லை என்று நான் வைத்திருக்கிறேன். விற்பவரிடம் ‘இப்போது கையிருப்பில் இருக்கும் பையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா’ என்று கேட்பதிலும் தவறில்லை. சிறிய விற்பனையாளர்கள் பலர் அனுப்பிவிடுகிறார்கள். முடியாது என்பவர்களும் உண்டு. அதுவும் ஒரு தகவல்தான்.

லூஸில் விற்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 20 கிலோ மூட்டையைப் பிரித்து ஒரு கிலோ, அரை கிலோ என்று பிளாஸ்டிக் கவரில் கட்டி, பிராண்ட் பெயரைச் சொல்லி விற்பது கடைகளில் வெகு சாதாரணம். இணையத்திலும் இப்படி மறுபொதி செய்து விற்கிறார்கள். விலை குறைவு, குட்டிக்குச் சேருமா என்று பார்க்கக் கொஞ்சமாக வாங்கலாம் என்பது வசதிதான். ஆனால் மூட்டையின் பின்பக்கத்தில் இருந்த அந்த வரி அங்கேயே அறுந்துபோகிறது. லாட் இல்லை, தேதி இல்லை, எத்தனை நாளாகத் திறந்து கிடந்தது என்றும் தெரியாது. சென்னை மாதிரி ஈரக்காற்று உள்ள ஊரில் திறந்த மூட்டையின் கதை நல்லபடியாகப் போகாது. ஸ்போர்ட்மிக்ஸ் போன்ற ஒரு திரும்பப் பெறுதல் நாளை இங்கே வந்தால், லூஸில் வாங்கியவருக்கு அந்த அறிவிப்பு எந்த வகையிலும் பயன்படாது. கையில் இருப்பது எது என்று அவருக்குத் தெரியாது.

பை வந்ததும் பிரிக்கும் முன்பே பின்பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். காலாவதித் தேதி, லாட் எண், தயாரித்தவர், இறக்குமதி என்றால் இறக்குமதியாளர் பெயர் எல்லாம் தெரிய வேண்டும். பை கிழிந்து, ஒட்டி, மறுபடி தைத்தது போல் இருந்தால் அல்லது லாட் எண்ணை அழித்து மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பிரிக்காமலே திருப்பி அனுப்பலாம். டப்பாவில் வைக்க வேண்டுமென்றால் பையோடு சேர்த்து உள்ளே இறக்குங்கள், கொட்டாதீர்கள். கடைசித் துண்டு தீர்ந்த பிறகும் பையை உடனே தூக்கிப் போட வேண்டாம், ஈரல் நோய் மெதுவாகத்தான் வெளியே தெரியும்.

நாய் திடீரென்று தின்ன மறுத்தால், ‘இந்தப் பையைப் பிரித்ததிலிருந்துதான்’ என்று தோன்றினால், பிடிவாதம் என்று நினைத்துக் குழம்போ பாலோ ஊற்றித் தின்ன வைக்காதீர்கள். நிறுத்துங்கள். கண்ணையும் ஈறையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மருத்துவரிடம் போகும்போது பையின் படத்தைக் காட்டி, எந்த நாளிலிருந்து இந்த உணவு என்று சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையில் ஈரலின் நிலை தெரியும். மிச்ச உணவில் ஒரு கிலோவாவது அதே பையில் காற்றுப் புகாமல் கட்டி, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். சோதிக்க வேண்டி வந்தால் அது இல்லாமல் எதையும் நிரூபிக்க முடியாது. மாதவரத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தீவனப் பாதுகாப்பு ஆய்வகமும் இருக்கிறது. மாதிரி எவ்வளவு தேவை, எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது. விற்பவர் கைகழுவினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சந்தேகப்பட்ட மீதி உணவைத் தெருநாய்களுக்குக் கொட்டிவிடுவது நம் ஊர்களில் நல்லெண்ணத்தோடு நடக்கிற காரியம். ஸ்போர்ட்மிக்ஸ் அறிவிப்பில் எஃப்.டி.ஏ. குறிப்பாகச் சொன்ன விஷயங்களில் ஒன்று, குழந்தைகளோ வேறு பிராணிகளோ காட்டு விலங்குகளோ எடுக்க முடியாதபடி அழியுங்கள் என்பது. தெருநாய்க்குப் போட வேண்டாம், கோழிக்கும் போட வேண்டாம். மாட்டுத் தீவனத்தோடு கலந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அதுவும் கூடாது. மாடு தின்ற அஃப்ளாடாக்சினில் ஒரு பங்கு எம்1 என்ற வடிவில் பாலில் இறங்கி வீட்டுக்கே திரும்பி வரும். மாதிரியை எடுத்து வைத்துவிட்டு, மீதியில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து, இரண்டு கவரில் கட்டி, ‘நச்சு’ என்று எழுதிக் குப்பை எடுப்பவரிடம் சொல்லிக் கொடுங்கள். கிண்ணத்தையும் டப்பாவையும் பிளீச்சிங் கரைசலில் கழுவிக் காயவைத்த பிறகே அடுத்த உணவை அதில் போடுங்கள்.